மேல்வீட்டுத் தண்ணீர்

“மேல் வீட்டுல இப்ப யாராவது குளிச்சீங்களா, சார்?”

“நான்தான் குளிச்சேன். ஏன் கேக்கறீங்க?”

“சந்தன சோப்பா?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்க வீட்டு மோரியில நுரையோட வந்து நிக்குது. வாசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க அம்மா அதுல குளிக்க மாட்டாங்களாம்.”

ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் டக்ளஸுக்கு அந்தப் பேச்சு ஒரு சொல் பிசகாமல் நினைவில் இருந்தது. 1995 ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட மூன்றாம் நாள் காலை. அவனும் அவன் அப்பா ஜானும் வடக்கே கட்கி என்ற ஊருக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஈரத் தலையோடு கதவைத் திறந்தால், புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் குவளையோடு நின்றிருந்தாள் ஜோசபின். கீழ் வீட்டு டீச்சர். கோபமாகப் படியேறி வந்தவள்தான். சொல்லி முடிக்கும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பைப் பார்த்த நிமிஷமே அவளிடம் ஏதோ கேட்க வேண்டும் போல டக்ளஸுக்கு இருந்தது. கேட்க வேண்டியது என்ன என்பது தெளிவாக ஒரு மாதம் ஆயிற்று. தன்னைக் கல்யாணம் செய்துகொள்வாளா என்பதுதான் அது. தெளிவான பிறகு அதை வாய்விட்டுக் கேட்கத்தான் ஒன்பது வருஷம் போதவில்லை.

அது வெள்ளைக்காரன் காலத்துக் கல் வீடு. ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கும் தெருவில், சரிவு முடிகிற இடத்தில் இருந்தது. மேட்டுத் தெருக்களின் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமாகத்தான் வந்தாக வேண்டும். மழைக்காலத்தில் நாலா என்கிற ஓடை நிரம்பினால் தெருச் சாக்கடை நிரம்பும். சாக்கடை நிரம்பினால் வீட்டுக் குழாய் எதிர்த்துக்கொள்ளும். குளிப்பது, துவைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் வீட்டின் ஒரே மூலையில்தான். அந்த ஊரில் அதற்கு மோரி என்று பெயர். மாடி மோரியில் ஊற்றிய தண்ணீர் போக்கிடமில்லாமல் கீழ் வீட்டு மோரியின் ஓட்டை வழியாகப் பொங்கி வந்து, இன்னும் கொஞ்சம் விட்டால் சமையலறை வரை நடந்து போகும்.

கணக்கு டீச்சரான ஜோசபின் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். மாடி மோரியிலிருந்து இறங்கும் இரும்புக் குழாய் கீழ் வீட்டு மோரியின் சுவரை ஒட்டித்தான் போயிற்று. தண்ணீர் விடும் முன் டக்ளஸ் அதில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். கீழிருந்து பதிலுக்கு ஒரு தட்டு வந்தால் விடலாம். இரண்டு வந்தால் பொறுக்க வேண்டும்.

டக்ளஸுக்குத் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை. காலை ஆறு மணி வாக்கில் லோனாவ்லா லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் ஐந்து மணிக்குக் குளிப்பான். அதனால் ஜோசபினும் ஐந்து மணிக்கு எழுந்தாள். அதற்காக அவன் மன்னிப்புக் கேட்டபோது, நோட்டுத் திருத்த அந்த நேரம்தான் தனக்கு வசதி என்று சொல்லிவிட்டாள். இரண்டு தட்டு விழுகிற நாட்களில் அவன் தோளில் துண்டோடு முக்காலியில் உட்கார்ந்து காத்திருப்பான். சில நாள் ரயிலுக்கு நேரமாகிக் குளிக்காமலே ஓடுவான். ஜோசபினின் அம்மா ஆரோக்கியமேரி வாசலில் நின்று, “என்ன தம்பி, இன்னிக்குக் குளியலா, பவுடர் மட்டுமா?” என்று கேட்காமல் விடமாட்டாள்.

அவர்களுக்குள் நடந்த பேச்சில் பாதிக்கு மேல் அந்தக் குழாயில்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது படியில் பார்த்தால் ‘வாங்க டீச்சர்’ என்பான். அவள் ‘நல்லா இருக்கீங்களா சார்’ என்பாள். மீன் குழம்பு மேலே போகும், காலிப் பாத்திரத்தில் வாழைப்பழம் கீழே வரும். ஒவ்வொரு முறையும் கேட்டுவிடலாம் என்றுதான் அவன் இறங்குவான். வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு ஏறிவிடுவான்.

97 ஜனவரியில் ஜானுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. நாள் தவறாமல் காலையில் அப்பாவைத் துடைத்து, அழுக்கான விரிப்புகளை அலசிப் போட்ட பிறகே டக்ளஸ் வேலைக்குக் கிளம்ப முடிந்தது. பகலில் ஒரு ஆயா வந்து பார்த்துக்கொண்டாள். கேட்க நினைத்திருந்ததை அவன் மடித்து உள்ளே வைத்தான். படுக்கையில் கிடக்கும் மாமனாருக்குத் துணி அலசத்தான் கூப்பிட்டான் என்று ஒரு பெண் நினைத்துவிட்டால் என்ன செய்வது? அவள் நினைக்காவிட்டாலும் ஊர் நினைக்கும்.

மழை வரப்போகிறதே என்று வேறு பயம் பிடித்தது. முன்பாவது வெறும் குளிக்கிற தண்ணீர். இப்போது வாளி வாளியாகப் போகும், அதுவும் என்ன தண்ணீர். இரண்டு தட்டு விழுந்தால் அப்பாவை அப்படியே விட்டுவிட்டுக் காத்திருக்க முடியுமா? மே மாதக் கடைசியில் அவனே முற்றத்துச் சாக்கடைத் தொட்டியின் மூடியைத் திறந்தான். பஜாரில் மூங்கில் பட்டைகள் வாங்கி, தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற பச்சை நிறப் பிளாஸ்டிக் பட்டையால் ஒன்றோடொன்று இறுகக் கட்டி, தெருப்பக்கமாகக் குழாய்க்குள் விட்டு ஒரு ஞாயிறு முழுக்கக் குத்தினான். ஆரோக்கியமேரி நாற்காலி போட்டு உட்கார்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டு யோசனை சொன்னாள்.

அந்த மழைக்காலம் பலமான மழைக்காலம். டக்ளஸ் பயந்துகொண்டே குழாயில் தட்டுவான். கீழிருந்து உடனே பதில் வரும், ஒரே ஒரு தட்டு. அடுத்த நாளும் ஒன்று. நாலா கரை தட்டிப் போன வாரத்திலும் ஒன்றுதான். இரண்டு தட்டு என்பதே அதற்குப் பிறகு வரவில்லை.

டக்ளஸுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் விருந்தில், தெருவில் எல்லார் வீட்டிலும் தண்ணீர் ஏறியதையும், தங்கள் வீட்டில் மட்டும் ஏறாததையும், மூங்கிலை எப்படிப் பிடித்து எப்படித் திருக வேண்டும் என்பதையும் தட்டும் கையுமாக நின்று விளக்கினான். ஜோசபின் கேக்கைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். ஆரோக்கியமேரி மட்டும் அன்றிலிருந்து அவனை ‘மேல்வீட்டு எஞ்சினியர்’ என்று கூப்பிடத் தொடங்கினாள். அதில் இருந்த குத்தல் அவனுக்குப் பிடிபடவில்லை. பட்டம் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

ஜான் நாலு வருஷத்துக்கு மேல் படுக்கையில் இருந்தார். ஒரு புண் வராமல், ஒரு நாள் நாறாமல் இருந்தார். 2001 ஆகஸ்டில் தூக்கத்திலேயே போனார். அடக்கத்துக்கு வந்த உறவினர்கள் டக்ளஸின் கையைப் பிடித்து, பெற்றவரை இப்படி வைத்துக்கொள்ள யாரால் முடியும் என்றார்கள்.

அதன் பிறகு கட்கியில் இருக்க அவனுக்குக் காரணம் எதுவும் இல்லை. தொழிற்சாலைப் பக்கத்திலேயே வீடு பார்க்கச் சொல்லி எல்லாரும் சொன்னார்கள். அவன் போகவில்லை. ஒவ்வொரு மே மாதமும் மூங்கில் விட ஆள் வேண்டுமே, நான் போனால் கீழ் வீட்டுக்கு யார் இருக்கிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மூங்கில் ஒவ்வொரு வருஷமும் பன்னிரண்டு அடியில் முட்டி நிற்கும். அங்கே குழாய் வளைகிறது என்று அவனாகவே முடிவுகட்டியிருந்தான்.

2004 ஏப்ரலில் தெருவுக்குப் புதுச் சாக்கடைக் குழாய் போடப்போகிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பெரிய சிமென்ட் குழாய், வீட்டுக்கு வீடு புது இணைப்பு. தெருவே சந்தோஷப்பட்டது. டக்ளஸுக்கு மட்டும் வேலை போன மாதிரி இருந்தது. இனி மூங்கில் வேண்டாம். குழாயில் தட்ட வேண்டாம். நாற்பத்து மூன்று வயதில், காலையில் ஒரு தட்டுக் கேட்பதற்காக ஒருத்தன் ஒரு வீட்டில் இருக்கிறான் என்றால் யாரிடம் சொல்வது? அவன் தளேகாவில் ஒரு வீடு பேசி முடித்தான். வியாழக்கிழமைக்கு டெம்போ சொல்லிவிட்டுக் கீழே வந்து ஜோசபினிடம் சொன்னான்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததை மடித்து முடித்து, அதே துணியை உதறி மறுபடி மடித்தாள். “நல்லது சார். தினமும் ரயில்ல அலையாம இருக்கலாம்” என்றாள். அதற்கு மேல் அவள் ஏதாவது சொல்வாள் என்று அவன் கொஞ்சம் நின்றான். அவளும் அப்படியே நின்ற மாதிரி இருந்தது. பிறகு ஆரோக்கியமேரி உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

செவ்வாயிலிருந்து மூன்று நாள் லீவு போட்டுவிட்டு அவன் சாமான் கட்டினான். புதன்கிழமை காலையில் முற்றத்தில் பழைய குழாயைத் தோண்டி எடுக்க மேஸ்திரி இருதயராஜ் வந்தான். வேலூர்ப் பக்கத்து ஆள், பேச்சுக்காரன். பதினோரு மணி வாக்கில் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“சார், கொஞ்சம் எறங்கி வாங்க. உங்க வீட்டுல ஒரு அதிசயம் இருக்குது.”

உடைத்த மண்குழாயின் ஒரு துண்டு பள்ளத்தின் ஓரத்தில் கிடந்தது. அதற்குள்ளிருந்து அவன் உருவி வைத்திருந்தது கறுத்துப்போன ஒரு மூங்கில் பட்டை. கந்தலும் முடியும் சோப்புக் கசடும் அதைச் சுற்றிக் கல்லாக இறுகியிருந்தன.

“எந்தப் புண்ணியவானோ அடைப்பு எடுக்கறேன்னு உள்ள விட்டு ஒடச்சிட்டுப் போயிருக்கான். அத்தனையும் இதுல வந்து மாட்டிக்கிச்சு. பார்த்தா ஏழெட்டு வருஷம் இருக்கும். வெயில் காலத்துல கசிஞ்சு கசிஞ்சு போயிருக்கும். மழ நாள்ல ஒரு சொட்டு போயிருக்காது.”

டக்ளஸ் குனிந்து பார்த்தான். பட்டையின் நுனியில் சேற்றுக்கு நடுவே பச்சையாக ஒரு கட்டுத் தெரிந்தது. அந்த முடிச்சு அவன் போட்ட முடிச்சு.

“மழை நாள்ல அப்ப எங்க போயிருக்கும்?”

“எங்க போவும்? கீழ் வீட்டுக்குள்ளதான் ஏறியிருக்கும். அந்தம்மாவையே கேளுங்க.”

“அந்தப் புண்ணியவான் நான்தான்” என்றான் டக்ளஸ்.

இருதயராஜ் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் தோண்டப் போய்விட்டான்.

ஜோசபின் வீட்டில் இல்லை. புது மாணவர் சேர்க்கை என்று பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். முழங்கால் வலியால் அதிகம் நடமாடாத ஆரோக்கியமேரி கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். உங்கள் மோரியை ஒரு தடவை பார்க்கலாமா என்று டக்ளஸ் கேட்டான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கத்தியாலேயே வழி காட்டினாள்.

ஒன்பது வருஷத்தில் அவன் அந்த மோரிக்குள் போனதில்லை. வாசலில் கால் இடறியது. குறுக்கே ஒரு சாண் உயரத்துக்குச் செங்கல் வைத்து, சிமென்ட் பூசி, கரை கட்டியிருந்தது. பூச்சு மேடும் பள்ளமுமாக இருந்தது. உள்ளே சுவரில் கரையின் உயரத்துக்கே பழுப்பாக ஒரு கோடு நாலு பக்கமும் ஓடியது. மூலையில் இரண்டு வாளிகள், ஒரு கட்டைத் துடைப்பம், அரைப் பாட்டில் பினாயில்.

“இந்தக் கரை எப்பக் கட்டினது, ஆன்ட்டி?”

“உங்கப்பா விழுந்த வருஷம். அவளே கட்டினா. மேஸ்திரியைக் கூப்பிட்டா மாடிக்குத் தெரிஞ்சுடுமாம்.” ஆரோக்கியமேரி பீன்ஸைக் கீழே வைத்தாள். “சொல்லக்கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டா. நாளைக்கு நீங்கதான் போறீங்களே, இனிமே மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா.”

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மழை நாட்களில் ஐந்து மணிக்கு மேலிருந்து தட்டுக் கேட்கும்போதே இங்கே ஓட்டையில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கும். ஆரோக்கியமேரி ‘ரெண்டு தட்டுடி’ என்பாள். மகள் ஒன்றுதான் தட்டுவாள். மேலேயிருந்து வருவதெல்லாம் கரைக்குள் நிறையும். டக்ளஸ் படியிறங்கித் தெரு தாண்டும் வரை மொள்ள மாட்டாள், சத்தம் கேட்டுவிடும் என்று. அவன் போன பிறகு மொண்டு மொண்டு பின்பக்கமாகத் தூக்கிக்கொண்டு போய்த் தெருக்கோடி ஓடையில் ஊற்றுவாள். கழுவிவிட்டு, குளித்துவிட்டு, ஏழரை மணிக்குப் பள்ளிக்கூடத்தில் நிற்பாள். ஏழு மழைக்காலம்.

“ஒரு நாள் நான் சத்தம் போட்டேன். என்னடி, அடுத்த வீட்டு அழுக்கை அள்ளணும்னு உனக்கு வேண்டுதலான்னு. அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? அந்த மனுஷர் மேல தனியா அள்ளிட்டுத்தானே இருக்கார்னா.”

டக்ளஸ் அந்தச் செங்கல் கரை மேலேயே உட்கார்ந்துவிட்டான். ஆரோக்கியமேரி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் காதில் விழவில்லை. அவனுக்கு அப்பாவின் வெள்ளை விரிப்புதான் கண்ணில் நின்றது. எந்த மழையிலும் அது வெள்ளையாக இருந்தது. தூங்கும் குழந்தை மாதிரி அப்பா சுத்தமாகக் கிடந்தார். எல்லாரும் அவன் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள், அவனும் பிடிக்கக் கொடுத்தான். பாதி வேலையை இன்னொரு கை கீழே செய்து முடித்திருக்கிறது. அடைத்தது அவன், அள்ளியது அவள். கிறிஸ்துமஸ் விருந்தில் மூங்கில் திருகக் கற்றுக்கொடுத்ததை நினைத்தபோது அவனுக்குக் காது மடல் எரிந்தது. ஆனால் வெட்கத்தையெல்லாம் மூழ்கடித்துக்கொண்டு ஒரு நிறைவும் ஏறி வந்தது. அந்த நாலரை வருஷமும் தான் தனியாள் என்று நினைத்தானே, தனியாகவே இருந்ததில்லை.

ஜோசபின் ஒரு மணிக்குக் குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். முற்றத்துப் பள்ளத்தைச் சுற்றி, பலகை மேல் நடந்து, பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தவள் மோரி வாசலில் அவனைக் கண்டு நின்றாள். சுவரைப் பார்த்தாள். கூடத்திலிருந்த அம்மாவைப் பார்த்தாள். ஆரோக்கியமேரி ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மெதுவாக உள்ளறைக்குப் போய்விட்டாள்.

“அம்மா சொல்லிட்டாங்களா?” என்றாள் ஜோசபின்.

“குழாய் முதல்ல சொல்லிடுச்சு. அடைச்சது நான்தான், டீச்சர். என் மூங்கில்.”

“தெரியும். 97 ஜூலைலயே தெரியும். அந்தப் பச்சைப் பிளாஸ்டிக் நூல் நூலா கொஞ்சம் கொஞ்சம் மோரியில மேல வரும்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“எப்படிச் சொல்றது? ஜான் அங்கிளை அப்படியே படுக்க வைங்க, எங்க வீட்டுல தண்ணி ஏறுதுன்னா? அதுக்கப்புறம் சொல்லலாம்னு பார்த்தா, நீங்க விருந்துல அவ்வளவு சந்தோஷமா நின்னு பேசறீங்க. அதைப் போய்க் கெடுக்க மனசு வரலை.”

டக்ளஸ் எழுந்து நின்றான். தன் அப்பாவைக் கடைசி வரை சுத்தமாக வைத்திருந்தது தான் மட்டும் இல்லை என்று அவளிடம் சொன்னான். அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை, ஆனால் சொல்லாமல் அந்த வீட்டைவிட்டுப் போக முடியாது என்றான். ஜோசபின் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

“அப்பா போய் ரெண்டு மழைக்காலம் ஆயிடுச்சு” என்றான் அவன். “அப்பவாவது ரெண்டு தட்டு தட்டியிருக்கலாம். நான் காத்திருந்திருப்பேனே.”

அவள் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

“அப்பா போனப்புறம் மேல சத்தமே இல்ல, சார். நீங்க நடக்கறதுகூடக் கேக்காது. காலைல அந்தத் தண்ணி வந்தாத்தான் மேல ஆள் இருக்கார்னு தெரியும். அதைப் போய் நிறுத்துங்கன்னு நானே சொல்வேனா?” பிறகு, “சாமானெல்லாம் கட்டியாச்சா?” என்று கேட்டாள்.

“கட்டியாச்சு.”

“டெம்போ எத்தனை மணிக்கு?”

“ஏழு மணிக்கு.”

“சரி. அப்ப நன்றியும் சொல்லியாச்சு” என்றாள். “வேற ஒண்ணும் இல்லையே?”

பள்ளத்தில் இருதயராஜின் கடப்பாரை ஓய்ந்திருந்தது, சாப்பாட்டு நேரம். உள்ளறையில் ஜெபமாலை முணுமுணுப்பு நடுவில் ஒரு மன்றாட்டோடு அப்படியே நின்றுபோனது. ஜோசபின் நகரவில்லை. வெயிலில் நடந்து வந்த வேர்வை இன்னும் அவள் நெற்றியில் இருந்தது. தன்னைப் பற்றி அவள் என்ன நினைப்பாளோ என்றுதான் டக்ளஸ் ஒன்பது வருஷமும் பயந்தான். தன் வீட்டு அழுக்கில் அவள் பார்க்காதது எதுவும் பாக்கி இல்லை என்று இப்போது தெரிந்த பிறகு, பயப்பட அவனிடம் ஒன்றுமே மிச்சமில்லை.

“இருக்கு” என்றான். “தளேகாவ் வீடு தரைத்தளம்தான். ஆன்ட்டிக்குப் படி ஏற வேண்டியதில்லை. உங்க ஸ்கூலுக்கு ரயில்ல வரலாம். வேண்டாம்னா நான் டெம்போவைத் திருப்பி அனுப்பிட்டு இங்கயே இருக்கேன். எங்க இருக்கறதுன்னு நீங்க சொல்லுங்க. இதை நான் வந்த வருஷமே கேட்டிருக்கணும்.” அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். “ஜோசபின், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”